நாலாம் பக்கத்தில் காபி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், காபி கொட்டிப் பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டியவன் நான். எதன் மேல் என்று சொல்வதற்கு முன்னால், கொஞ்சம் கௌரவமான தொடக்கம் ஒன்றை எழுதிப் பார்த்தேன்:

'ஆயிரத்து எழுநூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு மே மாதம், துப்பாக்கிப் புகை இன்னும் கலையாத மாசசூசெட்ஸ் மண்ணில், ஓர் அச்சுக்கூடத்தின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மனிதன்'

இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி கொரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காபி எப்ப வருது?" என்றாள்.

"அதுக்கு இன்னும் இருநூத்தம்பது வருஷம் இருக்கு."

"அது வரைக்கும் படிக்கறவங்க உக்காந்திருப்பாங்களா?"

அந்த மனிதனை அங்கேயே விட்டுவிட்டேன். [வாக்கியத்தை அடித்துப் போட மனம் வரவில்லை. அவன் பாட்டுக்கு மெழுகுவர்த்தியோடு நிற்கட்டும். போகிறபோது ஊதி அணைக்க நினைப்பவர்கள் அணைத்துக்கொள்ளலாம்.]

நடந்தது இதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, என் சமையலறை மேசையில் ஆரின் தேயரின் 'மிடில்செக்ஸ் பேக்கெட்' செய்தித்தாள் விரிந்து கிடந்தது. 1775 மே மாதத்து இதழ். அமெரிக்கப் புரட்சியின் முதல் சண்டை லெக்சிங்டனில் மூண்ட சேதி உள்ளே இருக்கிறது. நடுவில் மடித்த ஒற்றைத் தாள், மொத்தம் நாலே பக்கம். கதை எழுத வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சி நான்தான் அதை இரவல் வாங்கி வந்திருந்தேன். வெளிப்பக்கம் மேலே தெரிய விரித்து வைத்துவிட்டு, அதன் வாசனையை வர்ணித்துக்கொண்டிருந்தேன். 'பழைய அலமாரியும் மழையும் கலந்த வாசனை' என்று எழுதினேன். அலமாரியா, பெட்டியா என்று யோசித்தபடி, திரும்பிப் பாராமல் குவளைக்குக் கை நீட்டினேன். கை குவளையைச் சேர்ந்தது. குவளை கையைச் சேரவில்லை.

நாலாம் பக்கத்தின் கீழ்மூலையில், உள்ளங்கை அகலத்துக்குக் காபி பரவி நின்றது.

வாசனை பற்றிய அந்த வரியை இப்போது திருத்த வேண்டும்.

2

ஆரினை அறிமுகப்படுத்துகிறேன். எங்கள் வெஸ்ட் ஹார்லோவில் குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுது பார்ப்பவன். பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதன். நேராக ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. மழை வருமா என்றால் "வந்தாலும் வரும்" என்பான். உடம்பு எப்படி என்றால் "யாரோட ஒப்பிட்டு?" என்பான். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். ஆரின் அதில் பட்டம் வாங்கியவன்.

அவனிடம் இருக்கும் ஒரே பழைய செய்தித்தாள் இதுதான். ஆண்டு முழுவதும் அவன் வீட்டு நடையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். ஏப்ரலில், அந்தச் சண்டையின் நினைவாக வரும் தேசபக்தர் நாளன்று மட்டும் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி வெளியே எடுப்பான். தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கே பான்கேக் விருந்து நடக்கும். தின்று முடித்த ஊர், மேப்பிள் பாகு ஒட்டிய விரல்களோடு உட்கார்ந்திருக்க, ஆரின் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சண்டைச் செய்தியை வாசிப்பான். மற்ற நாட்களில் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்லாத மனிதன், அன்றைக்கு ஒரு பக்கத்தை மூச்சு விடாமல் சொல்லுவான். அவனுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்.

அந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இரவல் தரும்போது அவன் சொன்னது: "பக்கத்துல தண்ணி, டீ, காபி எதுவும் வைக்காத."

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"கதை எழுதறவன் மாதிரித் தெரியுது."

ஆரினும் நானும் ஒரு சங்கத்தில் இருக்கிறோம். புரட்சிக் காலத்துச் செய்தித்தாள் சேகரிப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். [நான் எதையும் சேகரிப்பதில்லை. குறிப்பு எடுக்கப் போனேன். டோனட் நன்றாக இருந்ததால் தங்கிவிட்டேன்.] சங்கத்துக்கு எழுதின விதி ஒன்று, எழுதாத விதி ஒன்று.

எழுதின விதி: மேசையருகே குடிக்கிற பொருள் கூடாது. காபிப் பானை பக்கத்து அறையில்தான் இருக்கும். ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

எழுதாத விதியைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். புரட்சியின் நூற்றாண்டு விழாவின்போது, பழைய இதழ்களை அதே மாதிரி எழுத்துக் கோத்து மறுபதிப்பு போட்டு ஊர் ஊராக விற்றார்கள். பரணைச் சுத்தம் செய்கிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். அதைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு சங்கத்துக்கு வருவார்கள். எங்கள் முப்பாட்டன் சண்டையில் இருந்தார், இதை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார் என்று ஆரம்பிப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்து 'இது போலி' என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? ஆகவே தாளை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்பார்கள்.

சேகரிப்பவர் யாரும் அசல் இதழை ஃப்ரேம் போட மாட்டார். ஒன்று, வெளிச்சம் தாளைத் தின்றுவிடும். இன்னொன்று, அந்தக் காலத்தில் தாளின் வெளிப்புறத்தை முதலில் அச்சடித்துவிடுவார்கள். கடைசியாக வந்து சேர்கிற சூடான செய்தி உள்பக்கத்துக்குத்தான் போகும். ஃப்ரேம் போட்டால் கண்ணாடி வழியே தெரிவது, மூன்று மாதம் பழசான லண்டன் கடிதமும் காணாமல்போன ஒரு பசுவும். போர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஆக, 'ஃப்ரேம் போடுங்க' என்றால் 'இது மறுபதிப்பு' என்று பொருள். வந்தவர் சந்தோஷமாகப் போய் ஃப்ரேம் போடுவார். மேற்கொண்டு வாய்விட்டுக் கேட்டால் மட்டும், கேட்பவர் தாளுக்குச் சொந்தக்காரராகவும் இருந்தால் மட்டும், உண்மையைச் சொல்லுவார்கள். யாரும் கேட்பதில்லை.

இந்த விதி எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆரின் வீட்டு நடையில் தொங்கும் சட்டத்தையும் அதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே பார்த்துவருகிறேன். இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை. எழுத்தாளனின் கூர்ந்த பார்வை என்று என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும்.

3

இங்கே ஒரு யோசனை வந்தது. இது என் கதை. கறை விழுந்த வரியை நானே எழுதினேன், நானே மாற்றலாம். மாற்றினேன்:

'திரும்பிப் பாராமல் குவளைக்குக் கை நீட்டினேன். குவளை உருண்டது. நல்லவேளை, காபியைக் குடித்து முடித்திருந்தேன். தாளைப் பத்திரமாக மடித்து ஆரினிடம் கொடுத்தேன். "சந்தோஷம்" என்றான். முற்றும்.'

கொரினிடம் காட்டினேன்.

"இந்தக் கதையில என்ன இருக்கு?" என்றாள்.

"நிம்மதி இருக்கு."

"மேசையப் பாரு."

மேசையில் தாள் அப்படியே கிடந்தது. கறையின் விளிம்பு காய்ந்து கருத்திருந்தது. எழுத்தால் ஆகாத காரியம் என்று தெரிந்ததும், தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஃபிலீனா ஸ்டாடர்ட் வீட்டுக்கு வண்டியை ஓட்டினேன்.

4

ஃபிலீனா எங்கள் சங்கத்தின் தலைவி. நீதிமன்றத்தில் வாக்குமூலங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பிறர் சொன்னதையே எழுதியதாலோ என்னவோ, தானாக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு தாளைத் தொட்டு அதன் வயதைச் சொல்லக்கூடிய விரல்கள் அவருக்கு.

நான் போனபோது குளியலறையில் இருந்தார். கூச்சப்பட வேண்டாம், தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தது ஒரு செய்தித்தாள். 1777ஆம் வருடத்தது. வெறும் தண்ணீரில், ஒரு கம்பி வலையின் மேல் மிதந்துகொண்டிருந்தது. தாளின் பழுப்பு இறங்கி, தண்ணீர் வெளிர் டீயின் நிறத்துக்கு மாறியிருந்தது.

"பயமா இல்லையா?" என்றேன்.

"எதுக்கு? இது கந்தல்துணிய அரைச்சுப் பண்ணின தாள். உங்க சட்டைய தண்ணில போட பயப்படுவீங்களா?"

வலையோடு தூக்கினார். ஈரப் படுக்கைவிரிப்பைப் போல் கனமாக, கிழியாமல் எழுந்து வந்தது. எழுத்துகள் ஒன்றுகூடக் கலையவில்லை. இருநூற்றைம்பது வயதுக் கிழம், குளித்துவிட்டு முன்னைவிட வெளுப்பாகத் துவட்டிக்கொள்ள நின்றது. எனக்கு உயிர் திரும்பியது.

"அப்ப காபியும் போயிடும்?"

"யாரு கொட்டினது?"

"ஒரு நண்பர்."

"உங்களுக்கு நண்பர்கள் அதிகம் இல்லையே," என்றார். அட்டையைத் திறந்து காட்டினேன். ஃபிலீனா கையைத் துடைத்தார். நன்றாகவே துடைத்தார், விரலிடுக்கு உட்பட. பிறகு தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்தார். பிடித்தவுடனே விட்டார். சூடு பட்டதைப் போல அல்ல; தூங்குகிற குழந்தையின் கையை விடுவதைப் போல.

"ஆரினோடது," என்றார்.

"ஆமா. தொட்டில போடலாமா?"

"ஃப்ரேம்ல நல்லா இருந்தது."

"ஃபிலீனா, தொட்டில போடலாமா?"

"ஃப்ரேம்லயே இருந்திருக்கலாம்."

அப்போதுதான் என் மண்டைக்குள் இரண்டும் இரண்டும் நாலாயிற்று. சட்டம். நடை. 'ஃப்ரேம் போட்டு மாட்டுங்க.'

"இது மறுபதிப்பா?"

"தாள் உங்களுதா?"

"இல்ல."

"அப்ப உங்ககிட்ட நான் என்ன சொல்றது."

"சரி, வேற மாதிரி கேக்கறேன். ஒருத்தர் மறுபதிப்பைத் தொட்டில போட்டா என்ன ஆகும்?"

"யாரோ ஒருத்தரா?"

"யாரோ ஒருத்தர்."

"மரக்கூழ் கலந்த தாள். கஞ்சியாயிடும்," என்றார் ஃபிலீனா. வாசல் வரை வந்து வழியனுப்பினார். "அவர்கிட்ட என்னிக்கும் நான் சொன்னதில்ல. கேக்கவும் இல்ல அவர். அவ்வளவு ஆசையா வச்சிருக்காரு."

5

வண்டியில் திரும்பும்போது எனக்குள் நடந்ததை நேர்மையாக எழுத வேண்டும். அது எனக்குப் பெருமை தரக்கூடியது அல்ல.

முதலில் மகிழ்ந்தேன். போலி. அப்படியானால் நான் சரித்திரத்தின் மேல் காபி கொட்டவில்லை. ஒரு நினைவுப் பொருளின் மேல், கடையில் விற்கிற ஒரு சங்கதியின் மேல் கொட்டியிருக்கிறேன். என் குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பாலத்தைத் தாண்டும்போது கணக்குப் போட்டேன்.

பாலத்தைத் தாண்டிய பிறகு மற்றப் பாதி உறைத்தது. அசலாக இருந்தால் தொட்டி மன்னித்துவிடும். ஒரு முழுக்கு, ஒரு துவட்டல், கறை போயிற்று. போலிக்கு முழுக்கு கிடையாது. அசலுக்குச் செய்த பிழையைக் கழுவலாம். போலிக்குச் செய்ததைக் கழுவ முடியாது. [இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து ஒரு நடை நடந்தேன். தத்துவம் போலத் தெரிந்ததால் சந்தேகம் வந்தது. கொரினிடம் காட்டினேன். "உண்மைதான், ஆனா நீ எழுதினா பொய் மாதிரி இருக்கு" என்றாள்.]

ஆக, போலி என்று மகிழ்ந்துகொண்டு கிளம்பியவன், அசலாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மேசையில் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அதே தேதியிட்ட அசல் இதழ் ஒன்றை எங்கோ தேடிப் பிடித்து, சட்டத்துக்குள் மாற்றி வைக்கிறேன். ஆரின் ஒன்றும் அறியாமல் அசலை வாசிக்கிறான். பல ஆண்டுகள் கழித்து நான் உண்மையைச் சொல்ல, "பரவாயில்லடா" என்று சிரிக்கிறான். [குறை: ஆரினின் விரல் பட்டதும் தெரிந்துவிடும். கொதிகலனைக் காதால் கேட்டே பழுது சொல்லுகிறவன் அவன்.]

முடிவு இரண்டு. பூனை தட்டிவிட்டது. "பூனைதானே, பரவாயில்லடா" என்கிறான். [குறை: எங்களிடம் பூனை இல்லை. கதைக்காக ஒன்று வாங்கலாம் என்றேன். கொரின் ஒத்துக்கொள்ளவில்லை.]

முடிவு மூன்று. நேரே போய் உண்மையைச் சொல்லுகிறேன். என் கண் கலங்குகிறது. அவன் கண்ணும் கலங்குகிறது. "பரவாயில்லடா" என்று என்னைக் கட்டிப்பிடிக்கிறான். [குறை: எங்கள் ஊரில் ஆண்கள் கட்டிப்பிடிப்பது சாவு வீட்டில் மட்டும். அதுவும் நெருங்கின சாவாக இருக்க வேண்டும்.]

மூன்றையும் மறுபடி வாசித்தேன். நான் எழுதிய ஆரின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்றிலும் அந்த ஆள் ஒரே வார்த்தையைச் சொல்லுகிறான். அது நான் கேட்க விரும்புகிற வார்த்தை. இவனை எங்கிருந்து பிடித்தேன்? கொதிகலன் ஆரின் வாயில் 'பரவாயில்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. என்னை நானே மன்னித்துக்கொள்ள, அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பேசியிருக்கிறேன். இதைத்தான் மறுபதிப்பு என்பது.

அசலைப் பார்க்கப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

6

அசல், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், கொதிகலனுக்கு அடியில் படுத்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பூட்ஸ். எங்கள் சங்கம் கூடுகிற மேசை பக்கத்தில் காலியாக இருந்தது. பாதிரியார் தோட்டத்தில் இருந்தார். நான் பூட்ஸிடம் பேசினேன். முகம் தெரியாதது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஆரின்."

"யாரு, எழுத்தாளரா? கதை எந்த மட்டுல இருக்கு?"

"கதையில ஒரு காபி வருது."

பூட்ஸ் அசையவில்லை. அடியில் இரும்பு இரும்பைத் தட்டுவது மட்டும் நின்றது.

"எந்தப் பக்கம்?" என்றது குரல்.

"நாலாம் பக்கம். கீழ்மூலை."

பிறகு, "பெரிய ஸ்பேனரை எடு," என்றான். எடுத்துக் கையில் வைத்தேன். கை உள்ளே போனது.

ஃபிலீனா வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன். அதற்கு மேல் எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல், "ஃப்ரேம்லயே இருந்திருக்கலாம்னு சொன்னாங்க," என்றேன்.

பூட்ஸ் லேசாக ஆடியது. சிரிக்கிறான்.

"இன்னும் அதே வசனமா? எனக்கு அதைச் சொன்னப்ப அவங்க தலைமுடி கறுப்பு."

"உனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"அது அசல் இல்லன்னு."

"நான் என்னிக்காவது அசல்னு சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். 'அந்த நாளோட பேப்பர்' என்பான். 'எங்க வீட்டுப் பேப்பர்' என்பான். அசல் என்ற சொல்லை அவன் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. ஊர்தான் சொல்லிக்கொண்டது.

"அதை அடிச்சது எங்க கொள்ளுத்தாத்தா," என்றது கொதிகலன். "லெமுவேல் தேயர். இங்க மெயின் தெருவுல அச்சுக்கூடம் வச்சிருந்தாரு. நூற்றாண்டு விழாவுக்கு, ஒவ்வொரு எழுத்தா கையால கோத்து, பழைய பேப்பரை அப்படியே அடிச்சாரு. கடைசியில நாலாம் பக்கத்துல கொஞ்சம் இடம் மிஞ்சிப் போச்சு. சும்மா விட மனசு வரல. தன் கடை விளம்பரத்தைப் போட்டுட்டாரு."

"எந்த இடத்துல?"

"கீழ்மூலையில."

நான் மேசையில் உட்கார்ந்தேன்.

"கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரப்படும், அடுப்புக்குப் பூசும் கறுப்புப் பாலீஷும் கிடைக்கும்னு போட்டிருப்பாரு. பழைய எழுத்து மாதிரியே கோத்து. நீ படிக்கல?"

படிக்கவில்லை. மூன்று நாள் என் மேசையில் வைத்திருந்தேன். முகர்ந்தேன், தடவினேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வர்ணித்தேன். படிக்கவில்லை.

"அசல் பேப்பர் பல லைப்ரரில இருக்கு," என்றான். "பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான். கொள்ளுத்தாத்தா அடிச்சதை ஜனங்க வாங்கி கார்ப்பெட்டுக்கு அடியில போட்டாங்க, அடுப்புப் பத்த வச்சாங்க. நான் தேடாத பரண் இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம்."

"ஃபிலீனாகிட்ட சொல்லியிருக்கலாமே, உனக்குத் தெரியும்னு."

"எப்படிச் சொல்றது? அந்தம்மா அவ்வளவு பதமா, என் மனசு நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் சொன்னாங்க. அடுத்த நாளே ஃப்ரேம் வாங்கினேன்."

[இந்த இடத்தைக் கதையில் எழுதலாமா என்று பிற்பாடு அவனைக் கேட்டேன். ஃபிலீனா படித்துவிடுவாரே என்றேன். "எழுதிக்கோ. உன் கதையை யாரு கடைசி வரைக்கும் படிக்கப் போறா" என்றான். ஃபிலீனா, இது வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால், ஆரினுக்குத் தெரியும். தெரியுமென்று உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.]

"ஆரின்," என்றேன். "என் மேல கோவமா?"

"எந்த கம்பெனி காபி?"

"ஆரின்."

"பால் ஊத்தினதா, ஊத்தாததா? பால்னா எறும்பு வரும்."

"ஊத்தாதது. கோவமா இருக்கியான்னு கேட்டேன்."

"அந்தச் சின்ன ஸ்பேனரைக் குடுத்துட்டுப் போ," என்றான். "பேப்பரை எங்க வீட்டு வாசல்ல வை. நனையாம வை."

7

தேசபக்தர் நாள். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பான்கேக் அடுக்கடுக்காக வந்தது. ஃபிலீனா என் எதிரே உட்கார்ந்து, தன் காபிக் குவளையை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

ஆரின் நாற்காலி மேல் ஏறினான். தாளை விரித்தான். உள்பக்கம் அவன் பக்கம். வெளிப்பக்கம் ஊரைப் பார்த்து. கறை, கொடியில் காயும் சட்டையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பைப் போல எல்லோருக்கும் தெரிந்தது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

வாசித்தான். வழக்கம்போல மூச்சு விடாமல் வாசித்தான். மணி அடித்ததையும், ஆட்கள் புல்வெளியில் ஓடி வந்து நின்றதையும், முதல் குண்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாததையும். முடித்ததும் ஊர் கை தட்டியது. இந்த வருடம்தான் குடிவந்திருந்த ஓர் அம்மாள் முன்னால் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அந்தக் கறை," என்றார் தாழ்ந்த குரலில். "அது அந்த நாள்ல பட்டதா?"

நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்ல முடியாதுங்க," என்றான் ஆரின்.

"ரத்தமா இருக்குமோ?"

"எதா இருந்தாலும், யாரோ ஒருத்தர் கவனமில்லாம இருந்திருக்காரு."

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஃபிலீனா பான்கேக்குக்குள் இருமினார். வெளியே போவதற்குள் குறைந்தது ஐந்து குடும்பமாவது அந்தக் கறையோடு படம் எடுத்துக்கொண்டது.

இதைவிட நல்ல முடிவு எந்த எழுத்தாளனுக்கும் கிடைக்காது. போலித் தாள், அதில் நிஜக் கறை, அதற்கு ஊர் கொடுத்த வீர வரலாறு. எல்லோரும் சிரித்த முகமாக வீட்டுக்குப் போகலாம். ஆகவே வாசகரே, உங்களுக்கு நேரமில்லை என்றால் இங்கேயே எழுந்துகொள்ளலாம். குறை ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் 'முற்றும்' என்று எழுதி, மூன்று நாள் வைத்தும் பார்த்தேன்.

ஆனால் கதையில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். ஸ்பேனரைத் தவிர அதற்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

8

மேசைகளை மடித்து வைத்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் ஆரினைப் பார்த்தேன். தன் டிரக்கின் பின்பலகையை இறக்கி, அதன் மேல் சட்டத்தைக் கவிழ்த்து வைத்திருந்தான். பின்பலகையை அடிக்கச் சின்னச் சின்ன ஆணிகளை உதட்டில் கடித்துக்கொண்டிருந்தான். காற்று அடித்தது. தாள் அவன் முழங்கைக்கு அடியில் படபடத்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தான். என் கைகளைப் பார்த்தான், இரண்டையும். காலியாகத்தான் இருந்தன.

"பிடி," என்றான் ஆணிகளுக்கு நடுவிலிருந்து.

வாங்கிக்கொண்டேன். அவன் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்தில், முதல்முறையாக நாலாம் பக்கத்தைப் படித்தேன். மேலே ஏலம் போகிற ஒரு கப்பல். அதற்குக் கீழே விற்பனைக்கு வெங்காய விதை. அதற்கும் கீழே, பழுப்பு வட்டத்துக்குள், கண்ணை இடுக்கினால் தெரிகிற அளவுக்கு: 'கல்யாணப் பத்திரிகைகள்.' பிறகு பாலீஷ். பிறகு ஒரு பெயர். அதன் நடு எழுத்துகள் கரைந்து போயிருந்தன. லெமு என்று தொடங்கி, தேயர் என்று முடிந்தது.

எனக்குச் சொல்ல வேண்டும்போல் பல இருந்தன. வரும் வழியில் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தன, அதனாலேயே அவற்றை விட்டுவிட்டேன்.

"ஆரின்," என்றேன். "ஆமாவா, இல்லையா, ஒண்ணு சொல்லு. என் மேல கோவமா இருக்கியா?"

உதட்டிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"ஆமா," என்றான். "ரொம்பக் கோவமா இருக்கேன்."